கராஜ் கூரை மாற்றும் நாளிலேயே காற்றோட்டமும் இன்சுலேஷனும்: ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

கராஜ் கூரையைப் பிரித்து மாற்றுவது பெரும்பாலும் ஒரு பகல் வேலை. காலையில் நாலைந்து பேர் வருவார்கள், பழைய சிங்கிள்ஸை, அதாவது கூரைமேல் வரிசையாக அடித்த தார் அட்டைகளை, சுரண்டித் தள்ளுவார்கள், பொழுது சாய்வதற்குள் புதியதை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவ்வளவு சுருக்காக முடிகிற வேலை என்பதால் அதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆனால் கூரைக்குள் காற்றுப் போய்வர வழி வைப்பதும், வெப்பம் போகாமல் தடுக்கும் இன்சுலேஷனுக்கு இடம் ஒதுக்குவதும் பலகை திறந்து கிடக்கும் அந்த நாளில் செய்தால் சில நூறு டொலரோடு போகும். மூடிய பிறகு செய்யப் போனால் புதுக் கூரையையே மறுபடி கிழிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் கராஜ் கூரையை மாற்றியபோது விலை கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவர் எந்தக் கூரைக்கும் வென்ட், அதாவது காற்றுத் துளை, வேண்டும் என்றார். இன்னொருவர் தெளித்ததும் நுரைத்து இறுகும் ஸ்ப்ரே ஃபோம் அடித்து எல்லாவற்றையும் மூடிவிடச் சொன்னார். மூன்றாமவர், கராஜுக்கு இதெல்லாம் வீண் செலவு என்று முடித்துவிட்டார். எல்லோர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எந்த மாதிரிக் கராஜுக்கு எது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அதைத் தேடிப் பிடிக்க நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

இங்கே சொல்வது ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் சாதாரணமாகக் காணும், வீட்டிலிருந்து தனித்து நிற்கும், சாய்வுக் கூரையும் சிங்கிள்ஸும் கொண்ட கராஜுக்கு. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் 8ஆம் படியையும் கட்டாயம் பாருங்கள்.

1. சூடாக்கப் போகிறீர்களா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்பே வீட்டில் இருந்து பேசித் தீர்க்க வேண்டியது இது. மற்ற எல்லாம் இந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

கார் மட்டும் நிற்கும், ஹீட்டர் கிடையாது என்றால் இன்சுலேஷன் தேவையே இல்லை. உள்ளே வெப்பமே இல்லாதபோது எதைத் தடுத்து வைக்கப் போகிறோம்? அந்தக் காசைக் காற்றோட்டத்தில் போடுங்கள். இன்சுலேஷன் இல்லாத கூரைக்குக் கட்டட விதிகள் வென்ட் கேட்பதில்லை. ஆனாலும் வையுங்கள் என்பேன். காரணம், பனிக்காலத்தில் கார் உள்ளே வரும்போது சக்கரத்துக்கு மேலே வாளிக் கணக்கில் பனிச்சேற்றையும் கொண்டுவருகிறது. அது உருகி, ஆவியாகி, மேலே எழுந்து குளிர்ந்த கூரைப் பலகையில் படிகிறது. ஜனவரியில் ஒரு காலை டார்ச் அடித்து மேலே பாருங்கள். பலகையைத் துளைத்துக்கொண்டு வந்த ஒவ்வொரு சிங்கிள் ஆணியின் முனையிலும் வெண்பனி முடிச்சாகப் பிடித்திருக்கும். வெயில் கொஞ்சம் ஏறினால் அத்தனையும் சொட்டும். ஆணியைச் சுற்றி நாணய அளவில் பழுப்புக் கறை விழும். இதைக் கூரை ஒழுக்கு என்று நினைத்து, நல்ல சிங்கிள்ஸுக்கு மேல் தார் பூசக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கறை ஆணிக்கு ஆணி வரிசையாக இருந்தால் அது ஒழுக்கு அல்ல, உள்ளிருந்து எழுந்த ஈரம்.

வார இறுதியில் ஹீட்டர் போட்டு மரவேலை செய்வேன், உடற்பயிற்சி செய்வேன் என்பவர்களுக்கு இன்சுலேஷனும் வேண்டும், அதற்கு மேலே காற்றோட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதுதான் கேடு. இன்சுலேஷன் போட்டு வென்ட் வைக்காவிட்டால், கதகதப்பான ஈரக்காற்று இன்சுலேஷன் பஞ்சுக்குள் நுழைந்து குளிர்ந்த பலகையில் நீராகும். பலகை கறுத்து உளுத்துப் போகும். வென்ட் வைத்து இன்சுலேஷன் போடாவிட்டால் ஹீட்டர் வானத்தைச் சூடாக்கும்.

ஆளிருக்கும் அறையாக, அலுவலக அறையாக மாற்றுவது திட்டம் என்றால் அது வேறு வழி. வரைபடம், அனுமதி என்று போகும். கூரைக்கு ஆள் பிடிக்குமுன் அதைத் தொடங்குங்கள்.

2. ஏணி வைத்து உள்ளே ஏறிப் பாருங்கள்

வெளியே நின்று பார்த்து விலை சொல்பவரை நம்பாதீர்கள். நீங்களே அளவு எடுத்து வைத்திருந்தால் அவரோடு கதைக்கும் விதமே மாறும். குறித்துக்கொள்ள வேண்டியவை இவை:

- தரையின் நீள அகலம். முகட்டின் நீளம்.
- கைமரங்களின் உயரம், அவற்றுக்கு இடையிலான தூரம். பழைய கராஜ்களில் பெரும்பாலும் 2×4தான் இருக்கும். அதன் நிஜ உயரம் 89 மி.மீ. இந்த எண் 4ஆம் படியில் முக்கியம்.
- பலகை பிளைவூட்டா, இடைவெளி விட்டு அடித்த பழைய பலகையா? பிளைவூட் என்றால் தடிப்பு என்ன? 3/8 அங்குலப் பிளைவூட் கைமரங்களுக்கு நடுவே தொய்ந்திருந்தால் அலை அலையாகத் தெரியும்.
- இறவாரத்தில் சொஃபிட், அதாவது அதன் அடிப்பக்கத்தை மூடும் தட்டு, இருக்கிறதா, கைமர முனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா?
- மேலே யாராவது பழைய இன்சுலேஷன் கொட்டியிருக்கிறார்களா?

கடைசி இரண்டைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும்.

சொஃபிட் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளியே பார்த்தால் ஓட்டை ஓட்டையாக அழகான அலுமினியம் தெரியும். அதை ஒரு துண்டு இறக்கிப் பாருங்கள். பின்னால் பழைய மரச் சொஃபிட் முழுதாக, ஒரு துளையும் இல்லாமல் இருக்கும். அலுமினியம் போட்டவர்கள் மரத்தை வெட்டாமல் மேலேயே அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஓட்டைகளால் ஒரு மூச்சுக் காற்றும் உள்ளே போகாது. இருட்டில் கராஜுக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பார்த்தாலும் ஓரளவு விளங்கும். கூரை உள்ளே திறந்திருந்தால் சொஃபிட் வழியே வெளிச்சம் கசியவேண்டும்.

பழைய இன்சுலேஷன், மினுமினுக்கும் சிறு சரளை மாதிரி, சாம்பலும் பொன்னிறமும் கலந்து கொட்டிக் கிடந்தால் கை வைக்காதீர்கள். அது வெர்மிகுலைட் ஆக இருக்கலாம். 1990க்கு முன் போட்ட வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. பரிசோதனை செய்து, தேவையென்றால் அதற்கென்று தகுதி பெற்றவர்களைக் கொண்டு எடுக்கவேண்டும். கூரை வேலைக்காரர் வந்து பலகையைப் பிரித்த பிறகு இது தெரியவந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். கூரையோ திறந்து கிடக்கும்.

3. எவ்வளவு காற்று வழி வேண்டும்? கணக்குப் போடுங்கள்

ஒன்ராறியோ கட்டட விதியின் அடிப்படை இது: இன்சுலேஷன் போட்ட மேற்தளத்தின், அதாவது கராஜுக்குள் தலைக்கு மேலே தெரியும் உட்கூரையின் (ceiling), பரப்பில் 300இல் ஒரு பங்கு காற்று வழியாக இருக்கவேண்டும். கூரை மிகத் தட்டையாக, அதாவது 6க்கு 1 சாய்வுக்கும் குறைவாக இருந்தால், அல்லது மேற்தளம் கைமரத்தோடு சேர்ந்தே சாய்வாகப் போனால், 150இல் ஒரு பங்கு. அதில் குறைந்தது கால் பங்கு கூரையின் மேற்பகுதியிலும், குறைந்தது கால் பங்கு கீழ்ப்பகுதியிலும் இருக்கவேண்டும்.

இரண்டு கார் நிற்கும் 20க்கு 20 அடிக் கராஜை எடுத்துக்கொள்வோம். பரப்பு 400 சதுர அடி. 300ஆல் வகுத்தால் 1.33 சதுர அடி, அதாவது 192 சதுர அங்குலம். பாதி மேலே, பாதி கீழே என்று வைத்தால் பக்கத்துக்கு 96. மேலே தலா 50 சதுர அங்குல வழி கொண்ட பெட்டி வென்ட் இரண்டு வைத்தால் போதும். கீழே இருபுற இறவாரத்திலும் சேர்த்து 96க்குக் குறையாமல் சொஃபிட் வழி வேண்டும். கீழே கொஞ்சம் கூடினால் நல்லது. மேலே கூடி, கீழே குறைவதுதான் கூடாது. கீழிருந்து வரும் காற்றுப் போதாவிட்டால் மேல் வென்ட்டுகள் கராஜுக்குள் இருக்கும் காற்றை மேற்தள இடுக்குகள் வழியே உறிஞ்சத் தொடங்கும்.

இங்கே சொல்லும் சதுர அங்குலம் வென்ட்டின் வெளி அளவு அல்ல. வலையும் தட்டும் மறைத்தது போக மிஞ்சும் திறப்பு. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பார்கள், அதைப் படித்து வாங்குங்கள்.

முகடு நீளமாக இருந்தால் முகட்டு வென்ட் அழகாகவும் இருக்கும், காற்றும் ஒரே சீராக வெளியேறும். நாலு பக்கமும் சரிந்த கூரை என்றால் முகடு குட்டையாக இருக்கும், அதற்குப் பெட்டி வென்ட்தான் சரி. எதை வைத்தாலும் ஒரு வகையை மட்டும் வையுங்கள். முகட்டு வென்ட்டும் வைத்து, அதற்குக் கீழே பெட்டி வென்ட்டும் வைத்து, பக்கச் சுவரில் பழைய வென்ட்டையும் திறந்தே விட்டால் காற்று கிட்ட இருக்கும் துளையால் நுழைந்து அடுத்த துளையால் போய்விடும். இறவாரத்திலிருந்து மேலே ஏறவே ஏறாது. பழைய பக்கச் சுவர் வென்ட்டை உள்ளிருந்து மூடிவிடுங்கள்.

சொஃபிட்டே இல்லாத, இறவாரம் நீளாத கராஜ்களும் உண்டு. அவற்றுக்குக் கூரையின் கீழ் விளிம்பில், சிங்கிள்ஸுக்கு அடியில் பதிக்கும் விளிம்பு வென்ட் கிடைக்கிறது. இதைக் கூரை மாற்றும் நாளில்தான் போடமுடியும்.

4. இன்சுலேஷன் எங்கே போகப் போகிறது?

எளிதானதும் மலிவானதும் தட்டை மேற்தளம்தான். கீழே ட்ரைவோல் எனப்படும் ஜிப்சம் பலகை, அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் பஞ்சு, அதற்கு மேல் காற்று ஓடும் வெளி. பொலித்தீன் எப்போதும் வெப்பம் இருக்கும் பக்கம், அதாவது பஞ்சுக்குக் கீழே. தலைகீழாகப் பஞ்சுக்கு மேலே விரித்தால் ஈரத்தைப் பொட்டலம் கட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று இறவார மூலை. பஞ்சை அங்கே திணித்தால் சொஃபிட்டிலிருந்து வரும் காற்று அடைபட்டுவிடும். ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் பலகைக்கு அடியில் பஃபிள் எனப்படும் தடுப்புத் தட்டு வைத்து, குறைந்தது 25 மி.மீ. காற்று வழியைக் காப்பாற்ற வேண்டும். ஒரு பஃபிள் சில டொலர்தான். உள்ளிருந்து அந்த மூலைக்குள் கையை விட்டு அடிப்பது பெரும் சித்திரவதை. மேலே பலகை திறந்திருக்கும்போது ஒரு ஆள் அரை மணியில் முடித்துவிடுவார்.

மற்றது பாரம். பல கராஜ்களின் கூரைச் சட்டங்கள் மேற்தளத்தைத் தாங்குவதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. நாலடிக்கு ஒன்றாகப் போட்ட குறுக்கு மரத்தில் ட்ரைவோல் தொங்கவிட முடியாது. 400 சதுர அடிக்கு அரை அங்குல ட்ரைவோல் மட்டுமே சுமார் 300 கிலோ வரும். பனிக்காலத்தில் மேலே பனிப் பாரமும் சேரும். சட்டங்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்கு ஆகும் சில நூறு டொலர் நியாயமான செலவு. எந்தக் காரணத்துக்காகவும் ட்ரஸ், அதாவது முக்கோணமாகக் கோத்த கூரைச் சட்டத்தின் மரத்தை வெட்ட விடாதீர்கள்.

மேற்தளம் வேண்டாம், கூரைச் சாய்வு அப்படியே உயரமாகத் தெரியட்டும், கைமரங்களுக்கு நடுவே பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்று பலர் ஆசைப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த மாதிரிக் கூரையில் பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே 63 மி.மீ. வெளி விடவேண்டும். 2×4 கைமரத்தின் உயரம் 89. மிஞ்சுவது 26 மி.மீ. ஒரு அங்குலப் பஞ்சு! 2×6 என்றாலும் 140இல் 63 போக 77தான். ஆகவே இந்த வழியில் போவதென்றால் இரண்டே தெரிவுகள்.

கைமரங்களுக்கு நடுவே அடைத்த செல் (closed-cell) வகை ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாம். அங்குலத்துக்கு ஆர்-6 அளவில் கிடைக்கும் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு, எண் கூடினால் தடுப்பும் கூடும்), காற்று வெளி வைப்பதில்லை. ஆனால் விலை கூட. சான்றிதழ் பெற்ற ஆளைக் கொண்டே அடிக்கவேண்டும், பிறகு ட்ரைவோல் போன்ற ஒன்றால் மூடவேண்டும், ஏனென்றால் தீப்பிடித்தால் ஃபோம் ஆபத்து. பின்னாளில் பலகை உளுத்தால் வெளியே தெரியவும் தெரியாது. மற்றது, பலகைக்கு மேலே ஃபோம் பலகைகளை அடுக்கி, அதன் மேல் இன்னொரு பிளைவூட் அடித்து, அதன் மேல் சிங்கிள்ஸ் போடுவது. தரத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கைமரங்கள் முழுவதும் வெப்பப் பக்கம் வந்துவிடுவதால் ஈரம் படிய இடமில்லை. பொலிஐசோ என்ற ஃபோம் பலகை இரண்டங்குலம் போட்டால் ஆர்-12 அளவில் வரும். ஆனால் கூரை இரண்டரை அங்குலம் உயரும். விளிம்புப் பலகை, பீலி, ஓரத் தகடு எல்லாம் மாறும். கைமரத்தைப் போய்ப் பிடிக்கும் நீள ஸ்குரூ வேண்டும். இதைக் கூரை மாற்றும் நாளைத் தவிர வேறு நாளில் செய்யவே முடியாது, ஆகவே இப்போதே முடிவெடுங்கள்.

எத்தனை ஆர் போடுவது? வீட்டு மேற்தளத்துக்கு ஆர்-60 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இடைக்கிடை சூடாக்கும் கராஜுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. ஆர்-10இலிருந்து ஆர்-20க்குப் போனால் கூரையால் போகும் வெப்பம் பாதியாகிறது. ஆர்-30இலிருந்து 60க்குப் போனாலும் பாதியாகத்தான் ஆகிறது, ஆனால் அந்தப் பாதி மிகச் சிறியது. ஆர்-30 அளவில் நிறுத்தி, மிச்சக் காசில் கராஜ் கதவுக்கு நல்ல ரப்பர் விளிம்பு போடுங்கள். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் கூரையில் எத்தனை ஆர் போட்டும் பயனில்லை.

5. அனுமதியும் காகிதங்களும்

ரொறன்ரோவில், கட்டமைப்பைத் தொடாமல் சிங்கிள்ஸ் மட்டும் மாற்றுவதற்குக் கட்டட அனுமதி தேவையில்லை. கைமரத்தை மாற்றினால், கூரையை உயர்த்தினால், கராஜை அறையாக்கினால் தேவை. நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து உங்கள் வேலையை விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். மார்க்கம், பிரம்டன், ஏஜாக்ஸ் ஆட்கள் அவரவர் நகரசபையைக் கேட்கவேண்டும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்தால் வீட்டை விற்கும்போது உதவும்.

மேற்தளத்துக்குப் புதிதாக விளக்கு, பிளக் இழுத்தால் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே அதைச் செய்து, சான்றிதழைத் தருவார். மேற்தளத்தை மூடுமுன் பரிசோதனை முடிய வேண்டும் என்பதை நாள் குறிக்கும்போதே நினைவில் வையுங்கள்.

கூரை ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டியவை:

- வேலைத்தலக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கிளியரன்ஸ் சான்றிதழ். எண் தந்தால் இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். வீட்டுத் திருத்த வேலையைத் தனியாளாகச் செய்பவருக்கு இதில் விலக்கு உண்டு. அதைச் சொல்லித் தப்பப் பார்ப்பவரின் கூரையில் நாலு பேர் ஏறினால், அந்த நாலு பேருக்கும் காப்பு வேண்டும்.
- மூன்றாம் தரப்புக் காப்புறுதிச் சான்று. இருபது லட்சம் டொலர் தொகை வழக்கமானது. திகதி காலாவதியாகவில்லையா என்று பாருங்கள்.
- விற்பனை வரியான எச்.எஸ்.டி.யின் பதிவு எண்.
- எழுத்தில் விலைக்குறிப்பு.

நம்மவர்கள் மத்தியில் கூரை வேலை பெரும்பாலும் தெரிந்தவரின் தெரிந்தவரிடம்தான் போகிறது. அதில் தவறில்லை, நல்ல வேலைக்காரர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். ஆனால் "அண்ணை, எங்களுக்குள்ள என்ன பேப்பர்" என்று தொடங்கும் பேச்சை மரியாதையோடு நிறுத்திவிடுங்கள். காசாகத் தந்தால் 13 சதவீத எச்.எஸ்.டி. மிச்சம் என்பார்கள். அதோடு ரசீதும் போகும், உத்தரவாதமும் போகும், யாராவது ஏணியிலிருந்து விழுந்தால் உங்கள் நிம்மதியும் போகும்.

வீட்டுக்கு வந்து எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. கதவைத் தட்டி, "பக்கத்து வீட்டில் வேலை செய்கிறோம், இன்றைக்கே முடிவெடுத்தால் தள்ளுபடி" என்பவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் பயன்படுத்தலாம். அதே சட்டப்படி, எழுதித் தந்த மதிப்பீட்டைவிடப் 10 சதவீதத்துக்கு மேல், நீங்கள் ஒப்புக்கொள்ளாமல், அவர் கூட்டி வாங்க முடியாது.

6. விலைக்குறிப்பில் இருக்கவேண்டிய வரிகள்

"கராஜ் கூரை, எல்லாம் சேர்த்து" என்று ஒரே வரியில் வரும் விலையை எதோடும் ஒப்பிட முடியாது. எனக்கு வந்த விலைகளே இரண்டு கார் கராஜுக்கு 3,000 டொலரிலிருந்து 5,500 வரை இருந்தன. குறைந்த விலையில் வென்ட்டும் இல்லை, பலகையும் இல்லை, பழையதை அள்ளிப் போகும் தொட்டியும் இல்லை.

பரப்பை நீங்களே கணக்கிடுங்கள். 20க்கு 20 கராஜுக்குச் சுற்றிவர ஓரடி இறவாரம் என்றால் 22க்கு 22. அதை 4/12 சாய்வுக்கு (12 அங்குலம் போனால் 4 அங்குலம் உயர்வது) 1.054ஆல் பெருக்கினால் 510 சதுர அடி. கூரைக்காரர் 100 சதுர அடியை ஒரு ஸ்குவயர் என்பார். அதற்குச் சுமார் மூன்று கட்டுச் சிங்கிள்ஸ். ஆக ஐந்து ஸ்குவயர் சொச்சம், கழிவோடு ஐந்தரை. எட்டு ஸ்குவயர் என்று எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

இந்த வரிகள் தனித்தனியே இருக்கவேண்டும்: எத்தனை அடுக்கு இருந்தாலும் பழைய சிங்கிள்ஸ் முழுவதும் கழற்றல், புதிய சிங்கிள்ஸின் பெயரும் ரகமும், அடி விரிப்பு, வென்ட்டின் பெயர், எண்ணிக்கை, திறப்பின் அளவு, முகட்டு வென்ட் என்றால் "பலகை வெட்டித் திறக்கப்படும்" என்ற சொற்கள், பஃபிள் எத்தனை, தொட்டி, நிலத்தில் சிந்திய ஆணிகளைக் காந்தத்தால் பொறுக்கல்.

உளுத்த பலகை மாற்றும் விலையையும் முன்பே எழுத வையுங்கள். ஒரு 4×8 பிளைவூட்டைப் போட்டுத் தர 80 முதல் 120 டொலர்வரை என்னிடம் கேட்டார்கள். எழுதாமல் விட்டால், கூரை திறந்து கிடக்க, மேகம் கறுத்து வர, அவர் சொல்வதுதான் விலை.

இன்னொரு வரி: இறவாரப் பனித்தடுப்பு விரிப்பு. சூடாக்காத கராஜுக்கு விதிப்படி இது கட்டாயமில்லை. ஹீட்டர் வைக்கும் எண்ணம் இருந்தால் வேண்டும்: கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 900 மி.மீ. மேலே ஏறி, வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 300 மி.மீ. உள்ளே போகவேண்டும். இறவாரம் நீளமாக இருந்தால் ஒரு சுருளின் அகலம் போதாது, இரண்டு வரிசை கேட்கும்.

காலம்: மே முதல் செப்டம்பர் வரை நல்லது. சிங்கிள்ஸின் பசைப் பட்டி வெயிலில்தான் ஒட்டிப் பிடிக்கும். குளிரில் போட்டால் ஒவ்வொன்றையும் கையால் பசை வைத்து ஒட்டவேண்டும், அவசரத்தில் யாரும் ஒட்டுவதில்லை. ஒக்ரோபரில் எல்லோருக்கும் கூரை நினைவு வரும், ஆளும் கிடைக்காது, விலையும் இறங்காது. மார்ச்சில் விலை கேட்கத் தொடங்குங்கள்.

7. வேலை நாளில் எங்கே நிற்கவேண்டும்

அன்றைக்கு வேலைக்கு லீவு போடுங்கள். காரையும் பெறுமதியானதையும் முதல்நாளே வெளியே எடுத்துவிடுங்கள், மிச்சத்தைப் படங்கால் மூடுங்கள். பழைய பலகை இடுக்குகளால் கறுப்புத் தூசி மழையாகக் கொட்டும்.

இரண்டு தருணங்களில் அவர்களை நிறுத்தி நீங்கள் பார்க்கவேண்டும், படமும் எடுக்கவேண்டும். முதலாவது, சிங்கிள்ஸ் கழற்றிப் பலகை வெறுமையாகத் தெரியும்போது: உளுத்த பலகை எது, பஃபிள் எல்லா இடைவெளியிலும் வைத்தாயிற்றா. இரண்டாவது, முகட்டில் பலகையை வெட்டிய பிறகு, வென்ட்டை மேலே வைத்து ஆணி அடிக்குமுன். எங்கள் கூரையில் முகட்டு வென்ட் வரிசையாக, நேர்த்தியாக அடித்து முடித்திருந்தார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் முகட்டு நெடுகிலும் பலகை முழுதாக இருந்தது. வெட்டவே இல்லை. வென்ட்டைக் கழற்ற வைத்து, முகட்டின் இருபுறமும் சுமார் ஓரங்குலம் வீதம் வெட்டவைத்தேன். விலைக்குறிப்பில் அந்தச் சொற்கள் இருந்ததால்தான் மேலதிகக் காசு கேட்காமல் செய்தார்கள். சரியாக வெட்டியிருந்தால் பகலில் உள்ளிருந்து முகட்டு நெடுகிலும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். இரு முனையிலும் கொஞ்சம் வெட்டாமல் விடுவது சரியே. எவ்வளவு அகலம், எவ்வளவு விடுவது என்பதை வென்ட் பெட்டியிலுள்ள குறிப்பின்படி செய்யுங்கள்.

உள் இன்சுலேஷனை அடுத்த நாளே போட அவசரப்படாதீர்கள். ஒன்றிரண்டு நல்ல மழை பெய்யட்டும். உள்ளே போய் வென்ட்டைச் சுற்றியும் ஓரத் தகடுகளின் கீழும் பாருங்கள். பழைய பலகை நனைந்திருந்தால் காயட்டும். ஈரமானி வாங்கினால் மரத்தில் 19 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூடுங்கள். பொலித்தீன் விரிக்கும்போது ஓரங்களையும், விளக்குக் கம்பி துளைத்த இடங்களையும் பசை நாடாவால் அடையுங்கள். ஈரம் பெரும்பாலும் பஞ்சைத் தாண்டி ஊறி வருவதில்லை, இந்தச் சிறு ஓட்டைகளால் காற்றோடுதான் ஏறுகிறது.

8. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால்

கராஜின் காற்று வீட்டுக்குள் வரவே கூடாது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரும் மேற்தளமும் வாயு புகாதபடி அடைத்திருக்க வேண்டும். பஞ்சு வைக்க ட்ரைவோலைக் கழற்றினால், மறுபடி போடும்போது இணைப்புகளுக்கெல்லாம் நாடா ஒட்டிப் பூசவேண்டும். கராஜ் கூரைக்குள்ளும் வீட்டு மேற்தளத்துக்கு மேலும் ஒரே வெளியாகப் போகிறதா என்று பாருங்கள். போனால் வென்ட் கணக்கை இரண்டுக்கும் சேர்த்துப் போடவேண்டும். கராஜுக்கு மேலே படுக்கையறை இருந்தால் அது கூரை வேலையே அல்ல, அந்தத் தரைக்கு அடியில் போடும் இன்சுலேஷன் தனிக் கதை.

கூரையில் எத்தனை வென்ட் வைத்தாலும் கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து விடுவது பாதுகாப்பாகிவிடாது. ஒட்டிய கராஜ் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருப்பது ஒன்ராறியோவில் சட்டம்.

9. காசு கொடுப்பதும் காகிதம் வைப்பதும்

முன்பணம் குறைவாகவே கொடுங்கள். 10 சதவீதம் நியாயம், பாதி கேட்பவரைத் தவிருங்கள். கட்டுமானச் சட்டப்படி ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்தை, வேலை முடிந்து 60 நாள் போகும்வரை பிடித்து வைக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் கடைக்கோ வேலையாளுக்கோ காசு கொடுக்காமல் விட்டால், அவர்கள் அந்தக் காசுக்காக உங்கள் வீட்டின் மேல் உரிமைப் பிடி (lien) போடமுடியும். அதற்கான காப்பு இந்தத் தொகை. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

சிங்கிள்ஸ் நிறுவனத்தின் உத்தரவாதத்தை வாங்கும்போதே படியுங்கள். பலவற்றில் போதிய காற்றோட்டம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நீங்கள் வேலை நாளில் எடுத்த படங்கள், வென்ட்டின் பெட்டி அட்டை, விலைக்குறிப்பு, எச்.எஸ்.டி எண்ணோடு கூடிய பில் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். சிங்கிள்ஸ் கட்டின் மேல் ஒட்டியிருக்கும் நிறப் பெயரையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்து, பிரிக்காத கட்டு ஒன்றை மிச்சமாக வாங்கிக் கராஜிலேயே படுக்கையாக வையுங்கள். காற்றில் நாலு சிங்கிள்ஸ் பறந்துபோனால், அடுத்த வருடம் அதே நிறம் கடையில் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.